நான்கு பெயர் கொண்ட ஊர்

ஒரு நாட்டுக்கு ஒரு மொழி போதும். மொழிகள் பலவானால் மனங்கள் பலவாகும். மனங்கள் பலவானால் மண் பிளவுபடும் — இப்படி ஒரு வாதம் உண்டு. கேட்கச் சுவையான வாதம். மேடையில் அடுக்கிச் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு மாலைதோறும் வரும் இளைஞர் ஒருவர், நல்லவர், நாட்டுப்பற்று மிக்கவர், இந்த வாதத்தை என்னிடம் எடுத்துரைத்துவிட்டு, "இதற்கு மறுப்பு உண்டா?" என்று கேட்டார்.

உண்டு. அந்த மறுப்பு ஏட்டில் மட்டும் இல்லை. ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறது. கல்லாகவும் கல்லறையாகவும் பாலமாகவும் வேலியாகவும் அங்கே அது நிற்கிறது. 2025ஆம் ஆண்டில் அந்த ஊருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கண்டதையும், காணுமுன்பும் கண்டபின்பும் கற்றதையும், தோழர்களே, உங்கள்முன் வைக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

வெனிஸ் நகரிலிருந்து கிழக்கு நோக்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ரயிலில் சென்றால் அந்த ஊர் வரும். இத்தாலியர் அதனைக் கொரீட்சியா என்பர். சுலோவீனியர் கொரீட்சா என்பர். செருமானியர் கோர்ட்ஸ் என்றனர். அந்த வட்டாரத்துப் பிரியூலிய மொழியினர் குரிட்சே என்பர். ஓர் ஊர், நான்கு பெயர். நான்கும் ஒரே சொல்லின் நான்கு உச்சரிப்புகள். மூலச் சொல் சுலோவீனியருடையது; சிறு குன்று என்பது பொருள். 1001ஆம் ஆண்டில் பேரரசர் மூன்றாம் ஒட்டோ எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்திலேயே, சுலாவியர் மொழியில் இப்பெயர் கொண்ட சிற்றூர் என்று அது குறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுச் சான்று! பிற்காலத்தில் அந்த மொழிக்கே அந்த ஊரில் இடமில்லை என்று ஆணை பிறந்தது. அக்கதைக்குப் பிறகு வருவேன்.

ஊரின் ஓரமாக ஓடுகிறது ஆறு. இத்தாலியில் இசோன்சோ, சுலோவீனியாவில் சோச்சா. ஆல்ப்சு மலைத்தொடரின் கிழக்குக் கோடியில் பிறந்து, அட்ரியாட்டிக் கடலில் கலக்கிறது. பச்சைக் கல்லை உருக்கி ஊற்றினாற் போன்ற நிறம். பாலத்தின்மேல் நின்று நெடுநேரம் பார்த்தேன். மேலே இரு நாடுகள், கீழே ஒரே நீர். எந்த இடத்தில் சோச்சா முடிந்து இசோன்சோ தொடங்குகிறது என்று எந்த மீனுக்கும் தெரியாது. மனிதனுக்கு மட்டும் தெரிகிறது, தெரிவித்து வைத்திருக்கிறார்கள்.

முதல் உலகப் போருக்கு முன், நானூறு ஆண்டுகளுக்கு மேலாக, பெரும்பாலும் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது கொரீட்சியா. 1910இல் எடுத்த மொழிக் கணக்கின்படி, ஊரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தாலியமும் அதன் உறவு மொழியான பிரியூலியமும் பேசினர்; மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சுலோவீனியம் பேசினர்; பத்தில் ஒரு பங்கினர் செருமானியம் பேசினர். யூதர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தனர். மலையடிவாரத்திலிருந்து காய்கறி கொண்டுவரும் உழவர் மகள் ஒரு மொழியில் விலை சொல்வாள். வீட்டுக்காரி மற்றொரு மொழியில் பேரம் பேசுவாள். வழக்குமன்றத்து எழுத்தர் மூன்றாவது மொழியில் எழுதுவார். இதனால் வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. கத்தரிக்காய் விற்றது, கல்யாணம் நடந்தது, காரியம் ஓடியது.

பல மொழி அறிவைக் குழப்பும் என்பாரும் உளர். இந்த ஊரில் 1829இல் பிறந்தவர் கிராசியாதியோ இசாயா அஸ்கோலி. யூதக் குடும்பம். கல்லூரிப் படிப்பு இல்லை; தாமே கற்றார். தெருவில் கேட்ட பல மொழிகளே அவருக்குப் பள்ளி. இளமை மாறாத வயதில், 1846இல், பிரியூலிய மொழியையும் உருமேனிய மொழியையும் ஒப்பிட்டு நூல் எழுதி வெளியிட்டார். பிறகு மிலான் நகரில் பேராசிரியராகி, இத்தாலிய வட்டார மொழிகளின் அறிவியல் ஆராய்ச்சிக்கே தந்தை எனப் பெயர் பெற்றார். பல மொழி அவரைக் குழப்பவில்லை, பேரறிஞராக்கியது.

அந்தக் காலத்தில் பூசலே இல்லை, பொற்காலம் நிலவியது என்று நான் சொல்லமாட்டேன். பொற்காலக் கதை புனைவது புராணிகர் தொழில். நமக்கு அது வேண்டா. பூசல் இருந்தது. பள்ளி எந்த மொழியில், நகரமன்றம் எந்தக் கட்சிக்கு, கணக்கெடுப்பில் யார் எந்த மொழியினர் என்று ஏடுகள் மோதின, மேடைகள் மோதின, வாக்குகள் மோதின. ஆனால் அது வாய்ச்சண்டை. வாய்ச்சண்டைக்கு மருந்து வாயிலேயே உண்டு. துப்பாக்கிச் சண்டைக்குத்தான் மருந்து இல்லை.

அந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது? கொரீட்சியாவின் சந்தையிலிருந்து வரவில்லை. இலண்டனிலிருந்து வந்தது. 1915 ஏப்ரல் 26ஆம் நாள், இரகசிய ஒப்பந்தம் ஒன்று அங்கே கையெழுத்தாயிற்று. போரில் எங்கள் பக்கம் சேர்ந்தால் ஆஸ்திரியாவின் நிலங்களில் இன்னின்னவை உனக்கு என்று இத்தாலிக்கு நேசநாடுகள் வாக்களித்தன. பட்டியலில் கொரீட்சியாவும் ஒன்று. ஊரை விற்றவர் ஊராரைக் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. சந்தையில் மாடு விற்கும்போது மாட்டைக் கேட்கும் வழக்கம் உண்டோ?

1915 ஜூன் முதல் 1917 நவம்பர் வரை அந்த ஆற்றங்கரையில் பன்னிரண்டு போர்கள் நடந்தன. ஒரே ஆறு, ஒரே குன்றுகள், பன்னிரண்டு முறை! 1916 ஆகஸ்டில், ஆறாவது போரில், இத்தாலியப் படை ஊரைப் பிடித்தது; 1917 அக்டோபரில் கப்போரெத்தோவில் முறியடிக்கப்பட்டு ஊரைவிட்டு ஓடியது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். ஊருக்கு அருகே ஒஸ்லாவியாக் குன்றின்மேல், 1938இல் கட்டி முடித்த வெண்கல் கோட்டை ஒன்று இருக்கிறது. உள்ளே அரசர் இல்லை; எலும்புகள் இருக்கின்றன. ஏறத்தாழ 57 ஆயிரம் பேரின் எச்சங்கள். அவர்களுள் பெரும்பாலோர்க்குப் பெயர்கூடத் தெரியாது. வட்டச் சுவர்களில் பொறித்த பெயர்களை நான் படிக்கத் தொடங்கி, ஒரு வரிசைகூட முடிக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். பெயர் இருப்பவர்களே இத்தனை பேர் என்றால், பெயர் இல்லாதவர்களின் தாயார் எத்தனை பேர்!

போருக்கு முன், 1906இல், அந்த ஊர் வழியே புதிய ரயில்பாதை ஒன்று திறக்கப்பட்டது. ஊரை ஒட்டிய சொல்கானில் ஆற்றின்மேல் அதற்கொரு பாலம். 85 மீட்டர் அகலம் தாவும் ஒரே கல் வளைவு. ரயில் செல்லும் கல்வளைவுகளில் அதைவிடப் பெரியது உலகில் இல்லை. கொத்தனும் பொறியாளனும் எந்தெந்த மொழி பேசினரோ, கல்லோடு கல் பொருந்தியது. 1916இல் பின்வாங்கிய ஆஸ்திரியப் படை அதனை வெடிவைத்துத் தகர்த்தது. 1927க்குள் இத்தாலியர் மீண்டும் கல்லாலேயே கட்டினர். இன்றும் அதன்மேல் ரயில் ஓடுகிறது. கட்டியவன் எந்த இனத்தவனாயினும் பாலம் பாலமே. உடைத்தவன் எந்தக் கொடி பிடித்தாலும் உடைப்பு உடைப்பே.

போர் முடிந்தது, ஊர் இத்தாலிக்குச் சென்றது. 1922இல் முசோலினி ஆட்சிக்கு வந்தான். "ஒரே நாடு, ஒரே மொழி" என்னும் மருந்தை முழு அளவில் கொடுத்துப் பார்த்தவன் அவன். என் இளைய நண்பர் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான சோதனைக்கூடம் கிடைக்காது.

1923இல் கல்விச் சட்டம் வந்தது. முதல் வகுப்பில் சுலோவீனியம் நீக்கப்பட்டது. மறு ஆண்டு இரண்டாம் வகுப்பு. அடுத்து மூன்றாம் வகுப்பு. ஒரே வெட்டாக வெட்டினால் இரத்தம் தெரியும். ஆண்டுக்கொரு வகுப்பாக அறுத்தால் உலகம் பார்க்காது. சில ஆண்டுகளில் சுலோவீனியப் பள்ளி என்பதே இல்லாதொழிந்தது. ஊர்ப் பெயர்கள் மாற்றப்பட்டன. 1927இல் குடும்பப் பெயர்களை மாற்றும் ஆணை அந்த வட்டாரத்துக்கும் நீட்டப்பட்டது. வோதோபிவெத்ஸ் என்பது சுலோவீனியரிடையே வழங்கும் குடும்பப் பெயர். தண்ணீர் குடிப்பவர் என்பது பொருள். அதே பொருள் தரும் இத்தாலியப் பெயர் பெவிலாக்குவா. இவர் அவராக மாற்றப்பட்டார். குடித்த தண்ணீர் அதே தண்ணீர். ஆனால் அதைக் குடிக்கவும் இத்தாலிய மொழியில்தான் குடிக்கவேண்டும்! வாசகசாலைகள், பாடற்குழுக்கள், சங்கங்கள் யாவும் கலைக்கப்பட்டன.

இதைப் படித்தபோது என் சிறுவயது நினைவுக்கு வந்தது. நான் சில ஆண்டுகள் படித்த பள்ளி ஒன்றில், விளையாட்டிடத்திலும் ஆங்கிலமே பேசவேண்டும் என்று விதி. தமிழ்ச் சொல் ஒன்று வாயில் வந்தால் தண்டம். ஒரு நாள் ஓடும்போது கல் தடுக்கி விழுந்தேன், முழங்கால் கிழிந்தது, "அம்மா!" என்று அலறினேன். காயத்துக்கு மருந்து இட்டார்கள்; அலறியதற்குத் தண்டமும் விதித்தார்கள். பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. அன்று நான் இழந்தது சிறு காசு. ஆனால் வலியைக்கூட வேறு மொழியில் படவேண்டும் என்று எட்டு வயதில் எனக்குக் கற்பித்தார்களே, அந்தப் பாடம் இன்னும் மறக்கவில்லை. எனக்குக் காசோடு போயிற்று. கொரீட்சியாவில் ஒருவருக்கு உயிரோடு போயிற்று.

அவர் பெயர் லோய்சே பிராத்துஷ். 1902இல் பிறந்தவர். இசையமைப்பாளர், பாடற்குழுக்களைப் பயிற்றுவிப்பவர். அவருடைய பெயரையும் லூயிஜி பெர்தோசி என்று மாற்றினர். பொதுவிடங்களில் வாய் அடைக்கப்பட்ட பிறகு, மாதாகோயில்களில் மட்டுமே சுலோவீனியப் பாட்டு எஞ்சியிருந்தது. ஊர் ஊராகச் சென்று அந்தப் பாட்டுக்குக் குழு சேர்த்தார் பிராத்துஷ். 1936 டிசம்பர் 27ஆம் நாள், ஊருக்கு அருகே போத்கோராவில், வழிபாட்டில் அவருடைய குழு சுலோவீனிய மொழியில் பாடியது. வெளியே வந்தவரைப் பாசிஸ்டுகள் பிடித்தனர். அடித்தனர். பெட்ரோலும் இயந்திர எண்ணெயும் கலந்து அவர் வாயில் ஊற்றிக் குடிக்க வைத்தனர். பாடிய வாயில் எண்ணெய்! ஏழு வாரம் துடித்தார். அவர் கிடந்த மருத்துவமனைச் சன்னலுக்கு வெளியே நின்று, அவர் பயிற்றுவித்தோர் பாடினர் என்பர். 1937 பிப்ரவரி 16ஆம் நாள் இறந்தார். மறுநாள் அவருக்கு 35 வயது நிறைந்திருக்கும்.

அவர் கையில் கத்தி இல்லை, வெடிகுண்டு இல்லை, கிளர்ச்சிக் கொடி இல்லை. தாய்மொழிப் பாட்டு இருந்தது. அதற்கே மரணம்.

மாதாகோயிலும் பாதிரியாரும் இக்கதையில் வருகிறார்களே என்று பகுத்தறிவுத் தோழர்கள் புருவம் உயர்த்தலாம். நான் மறைக்கமாட்டேன். அந்த இருண்ட ஆண்டுகளில் அந்த வட்டாரத்துச் சிற்றூர்ப் பாதிரிமார் பலர் சுலோவீனிய எழுத்தைச் சிறுவர்க்கு மறைவாகக் கற்பித்தனர். அவர்தம் நம்பிக்கை நமக்கு உடன்பாடில்லை. ஆனால் எழுத்தைக் காத்தவர் இன்னார் என்பதை ஒளித்தால், நாம் பகுத்தறிவாளர் அல்லர். வேறொரு மதத்தார் ஆவோம். உண்மை எந்தப் பக்கம் நின்றாலும் அதன் கையைப் பிடிப்பதே பகுத்தறிவு.

ஒரே மொழி மருந்து வேலை செய்ததா? ஊரில் ஒற்றுமை மலர்ந்ததா? வரலாறு சொல்லும் விடையைக் கேளுங்கள். ஒடுக்கப்பட்டோர் மனத்தில் பகை மூண்டது. இரகசிய இயக்கங்கள் எழுந்தன. 1943இல் ஊர் நாஜிகளின் பிடிக்குள் சென்றது. அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவில், ஊரில் எஞ்சியிருந்த யூதர்களை வீடு வீடாகப் பிடித்தனர், கைக்குழந்தையும் தப்பவில்லை, ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பினர். அஸ்கோலியின் பெயர் தாங்கிய தெருவில் யூதர் வழிபாட்டுக்கூடம் இன்றும் நிற்கிறது. 1756இல் கட்டியது. கட்டடம் இருக்கிறது, கூடும் மக்கள் இல்லை. 1945 மே மாதத்தில் யூகோசுலாவியப் படை வந்தது. நாற்பது நாள் இருந்தது. அந்த நாற்பது நாளில் நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்து கொண்டுசென்றனர். அவர்களுள் பாசிஸ்டுகள் இருந்தனர், பாசிஸ்டு அல்லாதோரும் இருந்தனர், பலர் திரும்பவேயில்லை. நேற்று அடிவாங்கியவன் இன்று அடிக்கிறான். அநீதிக்கு மறுமொழி அநீதியே என்று ஆனபின், யார் தொடங்கியது என்னும் கேள்வி பிணங்களுக்கு ஆறுதல் தராது.

பின்னர் வந்தது கோடு. 1947 பிப்ரவரியில் பாரிசில் உடன்படிக்கை. செப்டம்பர் 16ஆம் நாள் எல்லை நடைமுறைக்கு வந்தது. ஊரின் பெரும்பகுதி இத்தாலிக்கு; ஊருக்குச் சோறுபோட்ட சுற்றுப்புறத்தின் பெரும்பகுதி யூகோசுலாவியாவுக்கு. 1906இல் கட்டிய ரயில்நிலையம் அந்தப் பக்கம். அதன் எதிரே இருந்த சதுக்கம் இரண்டு துண்டு. தோட்டத்தை வெட்டியது கோடு, தெருவை வெட்டியது. மீரென் என்னும் சிற்றூரில் இடுகாட்டையே வெட்டியது. கல்லறைகளுக்கு ஊடே முள்வேலி! கணவன் புதைந்த மண் ஒரு நாடு, மனைவி புதைந்த மண் வேறு நாடு. 1975இல் புதிய ஒப்பந்தம் வரும்வரை செத்தவர்களுக்கும் அங்கே எல்லைக்காவல் இருந்தது.

இந்தக் கோடு ஒரு வேடிக்கையையும் செய்தது. பிரான்சை ஆண்ட பூர்போன் மன்னர் பத்தாம் சார்லஸ், ஆட்சியுரிமை ஆண்டவனே தந்தது என்று நம்பியவர். 1830இல் பாரிஸ் மக்கள் எழுந்தனர். ஆண்டவன் தந்ததை மக்கள் பறித்துக்கொண்டனர். நாடுநாடாக அலைந்த மன்னர் 1836இல் கொரீட்சியாவுக்கு வந்து, வாந்திபேதியால் மாண்டார். ஊர்ப்புறத்துக் குன்றின்மேல் உள்ள மடத்தில் புதைத்தனர். 1947இல் கோடு போட்டவர்கள் அந்த மடத்தைப் பொதுவுடைமை நாட்டுக்குள் தள்ளிவிட்டனர்! முடியாட்சியின் தெய்விக உரிமை, செந்நட்சத்திரத்தின் காவலில் உறங்கிற்று. நான் அந்தக் குன்றில் ஏறி அந்த நிலவறையைப் பார்த்தேன். குளிர்ந்த கல். ஆண்டவன் தந்த உரிமைக்கு அங்கே கிடைத்தது ஆறடி.

கோட்டின் அந்தப் பக்கத்தில் நகரம் இல்லாமற்போன மக்களுக்காக, 1948இல் புதிய நகரம் கட்டத் தொடங்கினர். பெயர் நோவா கொரீட்சா. புதிய கொரீட்சா என்று பொருள். லெ கொர்பூசியேயிடம் பணியாற்றிய எட்வார்து ரவ்னிகார் வரைபடம் தந்தார். அகன்ற சாலை, மரநிழல், அடுக்கு வீடுகள். ரயில்நிலையத்தின் உச்சியில் செந்நட்சத்திரமும், நாங்கள் சமதர்மத்தைக் கட்டுகிறோம் என்னும் பொருள்பட்ட வாசகமும் இத்தாலியை நோக்கி வைத்தனர். இன்று அந்த நட்சத்திரம் நிலையத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகரமோ சூதாட்ட விடுதிகளுக்குப் பெயர்பெற்றது. காலம் எவரையும் கேலி செய்யாமல் விடுவதில்லை.

ஆனால் மக்கள்? கோடு போட்டவர்களைவிட மக்கள் பெரியவர்கள். 1950 ஆகஸ்டு 13, ஞாயிற்றுக்கிழமை. யூகோசுலாவியப் பக்கத்தில் கடைகள் வெறுமை. வீட்டுக்கு வேண்டிய பொருள் கிடைக்கவில்லை. உறவினரைக் காணலாம் என்று எல்லையில் கூடிய மக்கள் ஆயிரக்கணக்கில் பெருகினர். காவலர் தடுத்துப் பார்த்தனர், முடியவில்லை. கூட்டம் கோட்டைத் தாண்டிக் கொரீட்சியாவுக்குள் வெள்ளம்போல் பாய்ந்தது. எதற்காக? கொள்ளையிடவா? பழிவாங்கவா? இல்லை. உற்றாரைத் தழுவ, கடைகளில் பொருள் வாங்க. அதிகம் வாங்கியது எதை என்று எண்ணுகிறீர்கள்? துடைப்பம்! மாலையில் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு தத்தம் வீடு திரும்பினர். துடைப்ப ஞாயிறு என்றே அந்நாளுக்குப் பெயர் நின்றுவிட்டது. வல்லரசுகள் பீரங்கியால் பாதுகாத்த எல்லையை இல்லத்தரசிகள் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினர். 1955இல் எல்லையோர மக்களுக்கு அனுமதிச்சீட்டு வழங்கும் ஒப்பந்தம் உடினே நகரில் உருவானது. மக்கள் நடந்த வழியில், தாமதமாக, அரசுகள் நடந்தன.

அதே ஊரில் இன்னொரு மதிலும் உடைந்தது. மனநோயாளர் மருத்துவமனை ஒன்று, நாட்டெல்லையை ஒட்டியே இருந்தது. 1961இல் அதன் தலைவராக வந்தார் பிராங்கோ பசாலியா என்னும் மருத்துவர். எந்தெந்த நோயாளரைக் கட்டிவைக்கவேண்டும் என்ற பட்டியலை முதல் நாளே கையெழுத்துக்கு நீட்டினர். கையெழுத்திட மறுத்தார் என்பது வரலாறு. கட்டுகளை அவிழ்த்தார், பூட்டுகளைத் திறந்தார், நோயாளர்கள் அவை கூடிப் பேச வழிசெய்தார். பித்தர் எனப்பட்டோர் முதன்முறையாக, மனிதர் என்ற முறையில், வாக்களித்தனர். அவர் மூட்டிய இயக்கத்தின் பயனாக 1978இல் இத்தாலி புதுச் சட்டம் இயற்றி, அத்தகைய சிறை மருத்துவமனைகளை மூட வழிசெய்தது. அந்தத் தோட்டத்தில் இன்று எவரும் உலாவலாம், நானும் உலாவினேன். ஒரு புறம் நாட்டெல்லை, மறுபுறம் நோயாளர் அறைகள். பித்தர்கள் உள்ளே இருந்தனர் என்றார்கள். இடுகாட்டில் வேலி போட்டவர்களோ வெளியே இருந்தனர்!

2004இல் சுலோவீனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, ரயில்நிலையச் சதுக்கத்து வேலி அகற்றப்பட்டது. வேலி நின்ற இடத்தில் ஒரு வட்டத் தகடு பதித்திருக்கிறார்கள். ஒரு காலை இங்கே வைத்து, ஒரு காலை அங்கே வைத்து நின்றேன். என்னைச் சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகள் அதையே விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தனர். 2007 டிசம்பரில் எல்லைச் சோதனையும் நின்றது. 2025ஆம் ஆண்டுக்கு நோவா கொரீட்சாவும் கொரீட்சியாவும் சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராயின. ஓரெல்லையின் இருபுறத்து நகரங்கள் ஒன்றாக அப்பெயர் பெற்றது அதுவே முதன்முறை.

எல்லாம் நன்றாய் முடிந்தது என்று கைதட்டி எழுந்துவிடாதீர்கள். 2020 மார்ச்சில் தொற்றுநோய் வந்தபோது அதே சதுக்கத்தில் வேலி மீண்டும் முளைத்தது, ஜூனில்தான் நீங்கியது. 2023 அக்டோபரில் இத்தாலி எல்லைச் சோதனையை மீண்டும் தொடங்கியது. முசோலினிக்கு 1924இல் கொரீட்சியா வழங்கிய மதிப்புறு குடிமகன் பட்டம் நீக்கப்படவில்லை. 2024இல்கூட நகரமன்றம் அதை நீக்க மறுத்தது. ஊரைப் பார்த்து நிற்கும் சபோத்தின் குன்றின் சரிவிலோ, கற்களை அடுக்கி எழுதிய டீட்டோவின் பெயர். ஒருபுறம் ஒரு தலைவன், மறுபுறம் ஒரு தலைவன். செத்த தலைவர்கள் உயிரோடு இருப்பவர்களைக் காவல் காக்கிறார்கள். வேலியை மண்ணிலிருந்து பிடுங்குவது எளிது. மனத்திலிருந்து பிடுங்க நாளாகும்.

இப்போது கேட்கிறேன். அந்த ஊரைச் சிதைத்தது பல மொழியா? ஆயிரம் ஆண்டு அங்கே பல மொழி இருந்தது, சந்தை நடந்தது, பாலம் எழுந்தது, அறிஞர் பிறந்தனர். ஒரே மொழிதான் என்ற ஆணை வந்தது. இருபது ஆண்டு நீடித்தது. அந்த இருபது ஆண்டுக்கு விலையாக, ஐம்பது ஆண்டுக்கு மேல் ஊர் இரண்டாகக் கிடந்தது. பலவாக இருத்தல் நோயன்று. ஒன்றாக்கிவிடுவேன் என்னும் வெறியே நோய். ஒற்றுமை வேறு, ஒற்றைத்தன்மை வேறு. ஒற்றுமை, கல்லோடு கல் பொருந்தி நிற்கும் வளைவுப் பாலம். ஒற்றைத்தன்மை, எல்லாக் கல்லையும் பொடியாக்கிக் குவித்த மணல்மேடு. மணல்மேட்டின்மேல் ரயில் ஓடாது.

பிராத்துஷின் துணைவியார் லியூப்கா ஷோர்லி, கவிஞர். கணவரைப் பறிகொடுத்தவர், 1943இல் தாமும் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானவர். போர் முடிந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? பழிவாங்கப் புறப்படவில்லை. மீண்டும் திறந்த சுலோவீனியப் பள்ளியில் ஆசிரியையாகச் சென்று சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். கணவர் வாயில் எண்ணெய் ஊற்றியவர்களின் ஆட்சி மறைந்தது. அந்த மொழி மறையவில்லை. கொரீட்சியாவில் இன்று சுலோவீனியம் வழியாகக் கற்பிக்கும் அரசுப் பள்ளிகள் நடக்கின்றன. 2001இல் இயற்றிய சட்டம் அம்மொழியினரின் உரிமைக்கு அரண் செய்கிறது.

இளைஞர்களே! ஒரு மொழியைக் காக்க இன்னொரு மொழியைக் கொல்லவேண்டியதில்லை. தன் மொழியில் அழவும் பாடவும் கணக்குப் போடவும் ஒருவனுக்கு உரிமை கொடுங்கள். அவன் உங்கள் மொழியையும் விரும்பிக் கற்பான். அந்த உரிமையைப் பறியுங்கள். உங்கள் மொழியில் அவன் முதலில் கற்கும் சொல் 'இல்லை' என்பதாகவே இருக்கும்.